ஏழாவது விதியை மீறியவன் பேசுகிறேன்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கடைவீதிப் பெரியவர் திரு. வெங்கடாசலம் அவர்களே, சேலத்திலிருந்து வந்து துயரத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் தம்பி திரு. ஏசுராஜ் அவர்களே, அம்மையாரிடம் தொழில் பழகிய செல்வி அமுதா அவர்களே, மாரமங்கலத்திலிருந்தும் குப்பனூரிலிருந்தும் பஸ் பிடித்தும் நடந்தும் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மனநல ஆலோசகர் லூர்துசெல்வி அம்மையார் அவர்களைத் தாய் என்றார்கள், தெய்வம் என்றார்கள், இந்த மலைக்குக் கிடைத்த வரம் என்றார்கள். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் ஏழு வருடங்களுக்கு முன்னால் இதே ஊரில் இதே வாய்கள் அவரைப் பற்றி வேறு வார்த்தைகள் பேசின. அவற்றையும் கேட்டவன் நான்.

என் பெயர் செங்கோடன். எஸ்டேட்டில் பத்தொன்பது வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன். 1981-இல் அம்மையார் ஏரிக்குப் போகிற வழியில் இரண்டறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தம் ஆலோசனை நிலையத்தைத் திறந்த நாள் முதல், போன மாதம் அவர் கண் மூடிய நாள் வரை, பதினோரு வருடம் முன்னறை மேசையில் உட்கார்ந்திருந்தவன். அவரைப் புகழத்தான் செய்வேன். ஆனால் அதற்காக மட்டும் எழுந்து நிற்கவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கூட ஆகும். மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு இந்த மலையில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் நாம் என்ன செய்தோம்? கோயிலுக்குக் கூட்டிப்போனோம். மந்திரித்தோம். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே வைத்துப் பூட்டினோம். உட்கார்ந்து ஆற அமரப் பேசுவதற்கு ஓர் இடம் இருந்ததா? கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தாரா? சேலத்தில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு அந்த ஆளாக வந்தவர் அம்மையார். ஊசி போட மாட்டார். மாத்திரை தர மாட்டார். எதிரே உட்கார்ந்து கேட்பார். ஊர் அவரை மனசு டாக்டரம்மா என்று கூப்பிட்டது. நான் டாக்டர் இல்லைங்க, நான் டாக்டர் இல்லைங்க என்று ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்லியே அவருக்கு அலுத்துப்போனது.

அவரிடம் போவதற்கு முன்னால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னிடம் இரண்டு பக்கத் தாள் ஒன்று இருக்கும். அம்மையார் சொல்லச் சொல்ல நானே ஸ்டென்சிலில் எழுதி உருட்டி எடுத்த தாள். ‘இங்கே வருபவர்களுக்கான விதிமுறைகள்’ என்று தலைப்பு. மொத்தம் பத்து விதிகள். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்க வேண்டும், தெரியாதவர்களுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும். கடைசியில் கையெழுத்து, அல்லது கைநாட்டு.

எனக்கு அது பெரிய கூத்தாகப் பட்டது. முதல் வாரமே கேட்டுவிட்டேன். “ஏனுங்கம்மா, ரெண்டு வார்த்தை பேசிப்போட்டுப் போறதுக்குக் கையெழுத்து எதுக்குங்க? நெலம் விக்கறமா, வாங்கறமா?”

“நெலத்தை விட இது பெருசுங்க செங்கோடன். நிறுத்திப் படிச்சுக் காட்டுங்க,” என்றார்.

நிறுத்திப் படித்தேனா? இல்லை. எஸ்டேட்டில் பேர் வாசிக்கிற வேகத்தில் கடகடவென்று வாசித்து முடிப்பேன். வந்தவர்களும் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள். என்ன இருந்தது அந்தத் தாளில்? வருபவர் மட்டும்தான் உள்ளே போகலாம், கூட வந்த மாமியாரோ மாமனாரோ வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று இருந்தது. ஒரு முறைக்கு ஐம்பது நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது என்று இருந்தது. இங்கே பேசியது, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, பெற்றவர் கேட்டாலும் கட்டியவர் கேட்டாலும் சொல்லப்பட மாட்டாது. இன்னார் இங்கே வருகிறாரா என்று கேட்டால்கூட ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வராது. அது மூன்றாவது விதி. நான்காவது விதிதான் இந்த ஊருக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் இங்கே வருவது பிறருக்குத் தெரியக் கூடாது என்பதால், வெளியில் எங்கே பார்த்தாலும் அம்மையார் முதலில் வணக்கம் சொல்ல மாட்டார், நீங்கள் சொன்னால் சொல்வார் என்பது அது. எதிரே வருகிறவரைப் பார்த்து எங்கே போறீங்க, சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் போனால் நம் மலையில் அதற்கு என்ன பெயர்? திமிர் என்று பெயர். அந்தப் பெயரை அம்மையார் முதல் மாதத்திலேயே சம்பாதித்துவிட்டார்.

பரிசு வாங்கக் கூடாது என்பது ஐந்தாவது விதி. அதோ உட்கார்ந்திருக்கிறாரே ஐயாக்கண்ணு, அவர் தாமே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரிக்கிற கதை என்பதால் பெயர் சொல்கிறேன். தூக்கம் வராமல் வந்தவர். தூக்கம் வந்ததும் மாரமங்கலத்திலிருந்து ஒரு பலாப்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்து நின்றார். அம்மையார் வேண்டாம் என்றார். “ஏனுங்கம்மா, எம்பட பழம் ஆகாதுங்களா?” என்று இவருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. நான் நடுவில் கிடந்து தவித்தேன். கடைசியில் இவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து பழத்தை அறுத்துத் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தார். அம்மையார் வெளியே வந்து, அந்த வரிசையில் கடைசி ஆளாக நின்று, ஒரு சுளை வாங்கித் தின்றார். எல்லோருக்கும் கொடுப்பதை நானும் வாங்கலாம் என்றார். நாங்கள் மூன்று பேரும் அப்படிச் சிரித்தோம்.

சிரித்த கதை அத்தோடு சரி. இனிமேல் சொல்வது என் கதை.

ஏழாவது விதி இது. வர முடியாவிட்டால் முதல் நாளே தெரிவியுங்கள். தெரிவிக்காமல் வராமல் இருந்தாலும், உங்களைத் தேடி ஆள் வர மாட்டார், சொல்லியும் அனுப்ப மாட்டோம். இந்த வரியை என் கையால் எழுதினேன். என் வாயால் நூறு தடவைக்கு மேல் வாசித்தேன். இந்த விதியை மீறியவன் நான்.

1985-ஆம் வருடம். ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். குழந்தை ஒன்று உண்டு, ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டேன். புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழமையைக்கூட மாற்றித்தான் சொல்கிறேன். இவ்வளவு சொல்வதற்கும் அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு யாரென்று தெரிந்திருக்கலாம். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்து வாரம் தவறாமல் வந்தார். வீட்டில் வேறு ஏதோ வேலை சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஆறாவது வாரம் வரவில்லை. அம்மையார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே காலி நாற்காலியோடு ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அது அவர் வழக்கம். ஆள் வராவிட்டாலும் அந்த நேரம் அந்த ஆளுடையதுதான். ஏழாவது வாரமும் வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசியாக வந்த அன்று கண் சிவந்து வெளியே போனதைப் பார்த்தவன் நான். “அந்தப் பொண்ணுக்கு என்னாச்சோ ஏதாச்சோ, ஒரு வார்த்தை சொல்லியுட்டுப் பார்க்கலாங்களா?” என்று கேட்டேன்.

“பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லைங்க. வரலைன்னா வர முடியலைன்னு அர்த்தம். விடுங்க,” என்றார்.

நான் விட்டேனா? பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம், “இன்னார் ஊட்டுல அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிப்போடுங்க, மனசு டாக்டரம்மா வரச் சொன்னாங்கன்னு,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதில் என்ன தப்பு என்று கேட்கிறீர்களா? நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். சாவுச் செய்தியை நாம் எப்படி அனுப்பினோம்? கல்யாணச் செய்தியை எப்படி அனுப்பினோம்? மாத்திரை, விதைப் பொட்டலம், கோழிக்குஞ்சு எல்லாமே கண்டக்டர் கையில்தானே போயின? இந்த மலையில் பஸ்தான் தபால், பஸ்தான் தந்தி. அந்தக் கண்டக்டரும் நல்ல மனிதர். ஒரு செய்தியையும் மறக்க மாட்டார். நிறுத்தத்தில் இறங்கி, டீக்கடையில் இருந்த பத்துப் பேருக்கு முன்னால், சத்தமாக, பெயர் சொல்லி, ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. பஸ்ஸில் போகிற செய்தி அப்படித்தான் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். யோசிக்கவில்லை.

அந்தப் பெண் ஏன் வரவில்லை தெரியுமா? பிள்ளைக்கு அம்மை வார்த்திருந்தது. அவ்வளவுதான். அடுத்த வாரம் தானாகவே வந்திருப்பார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அவளுக்குப் பைத்தியமாம் என்று ஆகிவிட்டது. புருஷன் வீட்டார் அந்தப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பைத்தியக்காரியிடம் பிள்ளையை விட முடியாது என்று, அம்மைத் தழும்பு ஆறாத குழந்தையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். பதினான்கு மாதம், ஐயா. பதினான்கு மாதம் அந்தக் குழந்தை தாய் முகம் பார்க்காமல் வளர்ந்தது. பிறகு பெரியவர்கள் பேசிச் சேர்த்து வைத்தார்கள் என்றால், அந்தப் பதினான்கு மாதம் திரும்பி வந்துவிடுமா?

அந்த வாரமே புருஷன் வீட்டுப் பெரியவர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நான் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

“ஏனுங்கம்மா, எங்கூட்டுப் பொண்ணை வரச் சொல்லி பஸ்ல சொல்லியுட்டது நீங்கதானுங்களா?”

அம்மையாருக்கு அதற்கு முன்னால் எதுவும் தெரியாது. என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். என் ரைட்டர் செய்த தப்பு, எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதை விட உண்மை வேறு என்ன இருந்தது? அவர் சொன்னது இதுதான்.

“அப்படி ஒருத்தங்க இங்க வர்றாங்களா இல்லையான்னே நான் சொல்ல முடியாதுங்க.”

“அப்ப பஸ்ல சொன்னது பொய்யிங்களா?”

“அதுக்கும் என்னால பதில் சொல்ல முடியாதுங்க. மன்னிச்சுக்குங்க.”

மன்னிக்கிறவர்களா அவர்கள்? வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் நின்ற இடத்தில் நின்றேன்.

அவர்கள் போன பிறகு அம்மையார் என்னை உள்ளே கூப்பிட்டு, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஏழாவது விதியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிறுத்திப் படித்தேன். “இதை எழுதச் சொன்னேன். எதுக்குன்னு உங்களுக்கு விளக்கிச் சொல்லாம விட்டது என் தப்பு,” என்றார். எனக்குக் கோபம் வந்தது. திட்டியிருந்தால் தேவலை. “நான் போயி நாலு பேர் முன்னால சொல்லிப்போடறனுங்க, நாந்தான் அனுப்புனேன்னு,” என்றேன்.

“சொன்னீங்கன்னா அந்தப் பொண்ணு இங்க வந்தது நிசம்னு நம்ம வாயாலயே சொன்ன மாதிரி ஆயிரும். இப்பவாவது, ஏதோ தப்பான தகவல்னு அவங்க சொல்லிக்கிறதுக்கு இடம் இருக்குது. அதையும் எடுத்துப்போடாதீங்க,” என்றார்.

அதனால்தான் நான் பேசாமல் இருந்தேன். இப்படிச் சொல்லி முடித்துவிட்டால் எனக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் அம்மையாரின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அரை உண்மை பேச முடியாது. அவர் தடுத்தார், அது உண்மை. அவர் தடுத்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுவும் உண்மை. ஊர் என்னைக் கேட்காது, வேலை போகாது, என் பிள்ளைகள் தலைகுனிய வேண்டாம் என்று உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. அந்தப் பெண் பிள்ளையோடு சேர்ந்த பிறகும் எத்தனையோ நாள் இருந்தது. அவரிடம் போய், அனுமதி கேட்டு, உண்மையைச் சொல்லியிருக்கலாம். போனேனா? அம்மையாரின் விதிக்குப் பின்னால் ஏழு வருடம் ஒளிந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

என் வெட்கத்துக்கு அவர் கொடுத்த விலையைக் கேளுங்கள். அந்தம்மாவிடம் சொன்னால் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. வாரத்துக்குப் பதினைந்து பேர் வந்த இடத்தில் மூன்று பேர் வந்தார்கள். உயிரைக் கொடுத்து ரகசியம் காத்தவருக்கு ஊர் கொடுத்த பட்டம், ஓட்டை வாய். தலைவர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏரி வழி வீட்டுக்குச் சொந்தக்காரரான நீங்கள்தான் அதைக் காலி செய்யச் சொன்னீர்கள். உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கதை பொய், அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டவன் நான். அம்மையார் ஒரு வார்த்தை பேசாமல் குப்பனூர் ரோட்டில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார். மேசையை நானும் அவரும்தான் தூக்கி வைத்தோம்.

ஒருநாள் கடைவீதியில் அந்தப் பெண் எதிரே வந்தார். அம்மையாரைப் பார்த்ததும் காறித் துப்பிவிட்டு, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். அம்மையார் கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: “முகம் தெளிஞ்சிருக்குதுங்க செங்கோடன். பார்த்தீங்களா?” சந்தோஷமாகச் சொன்னார். இப்படி ஒரு மனுஷியை நான் வேறெங்கே பார்ப்பேன்?

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தப் புதன்கிழமை பதினோரு மணியை அம்மையார் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஏழு வருடம் கொடுக்கவில்லை. தேடிப் போகக் கூடாது, சொல்லி அனுப்பக் கூடாது. அவரால் செய்ய முடிந்தது கதவைத் திறந்து வைப்பது ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும் ஐம்பது நிமிடம் அந்தக் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவலி கண்ட பிறகும் உட்கார்ந்தார். நான் முன்னறையில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பேன். அந்த ஐம்பது நிமிடம் எனக்கு நொம்ப நீளமாக இருக்கும்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் மிளகு காயப் போட்டிருந்தார். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன்.

காய்கிற மிளகைக் கையால் ஒரு தடவை கிளறிவிட்டார். பிறகு, “அந்தம்மாதான் சொல்லியுட்டாங்கன்னு ஏழு வருசமா வைஞ்சுக்கிட்டே இருந்தனுங்களே,” என்றார். “வழியில பார்த்தாலும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. தப்புப் பண்ணுனவங்க எப்படி மூஞ்சி குடுப்பாங்கன்னு நெனச்சனுங்க.”

“அது நாலாவது விதிங்க அம்மணி. படிச்சுக் காட்டுனேன். வேகமாப் படிச்சுப்போட்டேன்,” என்றேன்.

“நான் முன்னால போயி வணக்கம்னு சொல்லியிருந்தா பேசியிருப்பாங்களா?”

“பேசியிருப்பாங்க அம்மணி.”

அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். நான் எழுந்தபோது, “கூட்டத்துல எல்லாத்தையும் சொல்லுங்க ரைட்டரே. எம் பேரு மட்டும் வேண்டாமுங்க, புள்ள பள்ளிக்கூடம் போகுது,” என்றார்.

சொல்லிவிட்டேன். மனநல ஆலோசகர் லூர்துசெல்வி அம்மையார் ஒருவருடைய ஒரு வார்த்தையையும் வெளியே விட்டவர் அல்லர். தம் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட விட்டவர் அல்லர். இதை உங்கள் ஊர்களில் போய்ச் சொல்லுங்கள். டீக்கடையில் சொல்லுங்கள். இந்த ஒரு செய்தியைப் பஸ்ஸில் சொல்லி அனுப்பினாலும் தப்பில்லை.

அவர் விட்டுப்போன இடத்தில் செல்வி அமுதா அவர்கள் வருகிற திங்கள்கிழமை உட்காரப் போகிறார். அம்மையார் எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம், அவர் உயிரோடு இருந்தபோதே சொன்னபடி, ஒரு வரியும் படிக்கப்படாமல் எரிக்கப்பட்டுவிட்டன. நானும் ஏசுராஜ் அவர்களும் பக்கத்தில் நின்று எரித்தோம். யாரும் அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். முன்னறை மேசையில் நான் இருக்கலாமா என்று அமுதா அவர்களிடம் கேட்டேன். நான் செய்தது அவருக்குத் தெரியும். இருங்கள் என்றார். இருக்கிறேன். இனி வருகிற ஒவ்வொருவருக்கும் பத்து விதிகளையும் நிறுத்திப் படிப்பேன், எதற்கென்று விளக்கிச் சொல்வேன், புரிந்ததா என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்குவேன். என் உடம்பு முடிகிறவரை இதைச் செய்வேன் என்று இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன்.

இப்போது அம்மையாருக்காக இரண்டு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்கப் போகிறோம். அந்தப் பெண்ணும் வருவதாகச் சொன்னார். வந்திருக்கிறார். அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் நான் இதுவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நாம் எல்லோரும் நிற்கும்போது அவரும் நிற்பார். அம்மையாரிடம் வந்தவர்கள், வராதவர்கள், அவரை ஏசியவர்கள், எல்லோரும் ஒன்றாக நிற்போம். யார் யாரென்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டாலும் தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். எழுந்திருங்கள்.